கம்பிக்கு மேலே போன பந்து

என் அம்மாவுடன் பிறந்தவர்கள் நான்கு பேர். மூத்தவர் வடக்கே கசாமாவில் மரவள்ளி போட்டுக்கொண்டு நிலத்தோடேயே இருந்துவிட்டார். அடுத்தவர் ரயில்வேக்குப் போனார். கப்வேயில் பெண் எடுத்து அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். ஒரு சித்தி இருந்தாள், தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். கடைக்குட்டி டாமியன் சிபாஷா. முஃபுலிரா செம்புச் சுரங்கத்தில் கல் வாரியவர். எங்கள் நாட்டுக் கால்பந்து அணியின் பச்சைச் சட்டையைப் போட்டு ஆடியவர். என் அப்பா இன்னொருத்தியோடு போனபிறகு என்னையும் அம்மாவையும் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டவரும், பிறகு என்னைச் சுரங்கத்தில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர் என்றாலும் தாய்மாமன் தாய்மாமன்தான். ஒருநாளும் நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

குள்ளமான ஆள். கழுத்து தெரியாது. இடது காலால்தான் உதைப்பார். அந்தக் காலில் ஒரு விரல் நகம் கிடையாது. சின்ன வயதில் கல்லை உதைத்துப் போனது. அதிகம் பேசமாட்டார், ஆனால் பேச்சு கேட்கப் பிடிக்கும். யாராவது அவரைச் சீண்டினால் வாயை இறுக்கிக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பார். ஃபெபி மாமி சொல்லுவாள், "இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டதே அந்தத் தோளுக்காகத்தான்" என்று.

அவரைச் சீண்டுவதற்கென்றே பிறந்தவன் ஸக்கேயோ ஜெரே. சிப்பாட்டாப் பக்கத்து அங்கோனிக்காரன். மாமாவும் அவனும் ஒரே ஷிஃப்ட். பெம்பா இனத்தாரான எங்களுக்கும் அங்கோனிக்காரர்களுக்கும் கேலிமுறை உண்டு. பாட்டன் காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டவர்கள், சண்டை ஓய்ந்தபின் வாயால் குத்திக்கொள்வது என்று வைத்துக்கொண்டார்கள். நாங்கள் அவர்களை எலி தின்னி என்போம். அவர்கள் எங்களைக் குரங்கு தின்னி என்பார்கள். கோபம் வரக்கூடாது. எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் அவர்கள் வந்து அடுப்பு மூட்டுவார்கள், குழி வெட்டுவார்கள், பெட்டியில் கிடப்பவரையும் விடாமல் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அவர்கள் வீட்டில் விழுந்தால் நாங்கள் போய் அதையே செய்வோம். அழுகிற வீட்டுக்கு அந்தச் சத்தம்தான் தெம்பு. திட்ட ஆளில்லாமல் மண்ணுக்குப் போகிறவனை அநாதை என்றுதான் சொல்லுவோம், வீடு நிறையப் பிள்ளைகள் இருந்தாலும்.

காலையில் சுரங்க வாசலில் தலைவிளக்கு வாங்க வரிசையில் நிற்கும்போதே ஸக்கேயோ தொடங்கிவிடுவான்.

"ஏய் குரங்கு தின்னி! நேத்து எந்த மரத்துல படுத்தே? வால் வெளிய தொங்குது பாரு, உள்ள சொருகு."

"வால் இல்லடா அது. உன் வீட்டு எலி. நேலியா சட்டியில போடப் பாத்தாளாம், தப்பிச்சு என் பின்னாலயே வந்துடுச்சு."

"நேலியாவைப் பத்திப் பேசாத. அவ சமைச்சதைத் தின்னுட்டுதான் நீ பந்து ஆடறே."

"அதான் ஆடறப்போ எல்லாம் வயித்தைக் கலக்குது."

நேலியா ஸக்கேயோவின் மனைவி. மெலிந்த பெண். இவர்கள் இரண்டு பேரையும் பார்த்து, "உங்க ரெண்டு பேரையும் ஒரே சாக்குல கட்டிக் காஃபுவே ஆத்துல போடணும்" என்பாள்.

சுரங்க அணிக்கு மாமா அடித்த கோல்களைப் பார்த்துத்தான் தலைநகரிலிருந்து ஆள் வந்தது. நாட்டு அணிக்கு எடுத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் அன்று யாரும் அடுப்பு மூட்டவில்லை. எல்லோரும் பீர் ஹாலில் இருந்தோம். பெம்பா, அங்கோனி, லோசி, தோங்கா என்று பேதமில்லாமல் ஒரே பாட்டு. மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்கு ஸக்கேயோ ஒரு வாழைப்பழத் தாரோடு வந்தான்.

"வழியில பசிச்சா மரம் மரமா தாவிட்டு நிக்காத. நாட்டோட மானம் போயிடும். இதைத் தின்னு."

பஸ் முழுக்கச் சிரித்தது. மாமாவின் தோள் குலுங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஃபெபி மாமியின் இடுப்பில் மூத்த பெண் சொம்பா கைக்குழந்தையாக இருந்தாள்.

நான்கு ஆட்டங்களோ ஐந்தோ பச்சைச் சட்டையில் ஆடினார். பிறகு அந்தக் கோப்பை ஆட்டம் வந்தது. அக்கம்பக்கத்து நாடுகள் சேர்ந்து ஆடிய கோப்பை. கடைசி ஆட்டம் எங்கள் மண்ணில்தான். சுரங்கத்து வெல்ஃபேர் ஹாலில் ரேடியோவை மேசைமேல் வைத்துச் சுற்றி நின்றோம். இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் பெனால்டிக்குப் போனது. எங்கள் கடைசி உதையை உதைக்க வந்தவர் டாமியன் சிபாஷா. வர்ணனைக்காரர் பெம்பா மொழியில்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "வருகிறார், சுரங்கத்துப் பிள்ளை வருகிறார், இடது கால்..." என்றார். பிறகு "மேலே" என்றார். அவ்வளவுதான். அடுத்து ரேடியோவில் வந்த இரைச்சல் வேற்று நாட்டுக்காரர்களின் இரைச்சல்.

ஹாலில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, வெல்ஃபேர் கமிட்டித் தலைவர் எழுந்து சொன்னார்: "அந்தப் பிள்ளை திரும்பி வருவான். மனசு ஒடிஞ்சு வருவான். இதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக்கூடாது. ஒரு வார்த்தை கூடாது."

எல்லோரும் சரி என்றோம். நல்ல மனதோடுதான் சொன்னோம். எங்கள் ஊர் அப்படி ஒன்றும் பொல்லாத ஊர் இல்லை.

மாமா வந்து இறங்கியபோது சாவு வீட்டுக்காரருக்குக் கொடுப்பதுபோல எல்லோரும் இரண்டு கையாலும் கை கொடுத்தார்கள். அவர் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். மறுநாள் காலை சீக்கிரமே கிளம்பிவிட்டார். சுரங்க வாசலில் வரிசையில் நின்றுகொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸக்கேயோவுக்காகத்தான் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. என்ன திட்டு வரப்போகிறதோ என்று முகத்தை அதற்கு ஏற்றபடி வைத்துக்கொண்டிருந்தார்.

ஸக்கேயோ வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"வணக்கம் சொம்பா அப்பா. நல்லா இருக்கீங்களா? பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துதா?"

மாமா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார், வேறு யாரிடமாவது பேசுகிறானோ என்று. பின்னால் நான்தான் நின்றிருந்தேன்.

அன்று சுரங்கத்துக்குள் கூண்டில் இறங்கும்போது ஒருவரும் பேசவில்லை. வீட்டில் மாமி, "ஸக்கேயோ என்ன சொன்னான்? ரொம்பத் திட்டினானா?" என்று கேட்டாள்.

"சௌகரியமான்னு கேட்டான்" என்றார் மாமா. தட்டில் இருந்த களியைத் தொடாமல் எழுந்து கை கழுவிவிட்டார்.

அதற்குப் பிறகு நாட்டு அணியிலிருந்து கூப்பிடவில்லை. அதுகூடப் பரவாயில்லை, எத்தனையோ பேரைக் கூப்பிடுவதில்லை. சுரங்க அணியில் ஆடினார். ஆனால் அவர் காலுக்குப் பந்து போனதும் மைதானம் அடங்கிவிடும். நல்லா அடி என்றும் சொல்ல மாட்டார்கள், தூ என்றும் சொல்ல மாட்டார்கள். ஒரு சீசன் முடியுமுன் பூட்ஸை ஒரு பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்.

பீர் ஹாலில், முடி வெட்டுகிற கடையில், நாட்டு அணி ஆடும் நாளில் ரேடியோ ஓடும். மாமா உள்ளே நுழைந்தால் யாராவது ஒருவரின் கை நீண்டு சத்தத்தைக் குறைத்துவிடும். "சும்மா ஏதோ செய்தி" என்பார்கள். நாற்காலி போடுவார்கள். அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவார். அவர் போனதும் ரேடியோ பழையபடி கத்தும். ஒருநாள் முடிக்கடைக்குப் பின்புறச் சுவரோடு சாய்ந்து அவர் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். உள்ளே ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததை அவருக்குக் காட்டாமல் வேறு பாதையில் போனேன்.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. ஒரு சம்பள நாளில் அவரே ஆரம்பித்துப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, "டேய் எலி தின்னி, சம்பளம் வந்துடுச்சே, பொறி வாங்கப் போறியா?" என்றார்.

பழைய நாளாக இருந்தால் ஸக்கேயோ அதற்கு ஒன்பது சொல்லியிருப்பான். அன்று நோயாளியிடம் சிரிப்பதுபோலச் சிரித்தான். "ஆமாங்க, சொம்பா அப்பா" என்றான்.

என் அம்மா இறந்தது அதற்கப்புறம். அங்கோனிக்காரர்கள் வந்தார்கள், குழி வெட்டினார்கள், தண்ணீர் சுமந்தார்கள். ஒன்றிலும் குறையில்லை. ஆனால் சத்தமில்லை. ஸக்கேயோ டை கட்டிக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஜெபம் முடிந்ததும் மாமாவின் கையைப் பிடித்து, "கடவுள் ஆறுதல் கொடுப்பார்" என்றான். என் அம்மா பெரிய வாய்க்காரி. அங்கோனி வீட்டுச் சாவுகளுக்குப் போய்ச் சவப்பெட்டியைத் தட்டி, "எலிக்கு வழி விடு" என்று கத்தியவள். அவளுக்கு ஒரு வசவுகூடக் கிடைக்கவில்லை. திரும்பி நடந்து வரும்போது மாமா என்னிடம் சொன்னார்:

"உங்கம்மாவை யாரோ வெளியூர்க்காரியை அடக்கம் பண்ற மாதிரி பண்ணிட்டாங்கடா கபாஸோ. என்னாலதான்."

என் பேர் கபாஸோ. எனக்கு அன்று பொறுக்கவில்லை. ஸக்கேயோவைத் தேடிப் பீர் ஹாலுக்குப் போனேன்.

"நீங்க ஏன் எங்க மாமாவைத் திட்டறதில்ல?" என்று கேட்டேன்.

அவன் பீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தான். "திட்டணும்னு எனக்கு ஆசை இல்லன்னு நெனக்கிறியா?"

"அப்புறம் என்ன?"

"இங்க பாரு. அவன் எங்க மாட்டைத் திருடினா திட்டுவேன். எங்க வீட்டுக் கல்யாணத்துல விழுந்து கெடந்தா திட்டுவேன். அதெல்லாம் குரங்கு தின்னி செய்யறது, எலி தின்னி சிரிக்கிறது. ஆனா அன்னிக்கு அவன் போட்டிருந்தது பச்சைச் சட்டை. அதுல பெம்பா எங்க இருக்கான், அங்கோனி எங்க இருக்கான்? அவன் தோத்தப்போ நானும்தான் தோத்தேன். ரெண்டு பக்கம் இருந்தாத்தானே கேலி? இதுல அந்தப் பக்கம் யாரு நிக்கிறது?"

"அதைத் திட்ட வேணாம். வேற எதையாவது திட்டலாமே?"

"வேற எதைத் திட்டினாலும் அவன் அதைத்தான் நெனப்பான். நானும் அதைத்தான் நெனப்பேன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "அதுக்கு மரியாதையா இருந்துட்டுப் போறது மேல்."

இதை மாமாவிடம் அப்படியே சொன்னேன். "சரியாத்தான் சொல்றான். அதான் கஷ்டம்" என்றார்.

நாட்டு அணியே விமானத்தோடு கடலில் விழுந்துபோன வருஷம் உங்களுக்குத் தெரியும். செம்பு நகரங்களில் வளர்ந்த பிள்ளைகள் அதில் எத்தனை பேர். அந்த வாரம் எங்கள் ஊரில் எந்தக் கேலிமுறைக்காரனும் வாய் திறக்கவில்லை. அங்கோனி வீட்டிலும் அழுகை, எங்கள் வீட்டிலும் அழுகை. யார் யாரைத் தேற்றுவது? வெல்ஃபேர் ஹாலில் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா போய் ஆண்கள் பக்கம் நின்றார். உடனே நான்கு பேர் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். அந்தச் சட்டையைப் போட்டவர் அங்கே அவர் ஒருவர்தான். அவரைக் கட்டிக்கொண்டு அழ ஒருவருக்கும் கை நீளவில்லை. வீட்டுக்கு வந்து, "ஊர் இப்ப எப்படி இருக்கோ, நம்ம வீடு அப்படித்தான் இருந்திருக்கு ஃபெபி, இத்தனை வருஷமும்" என்றார்.

அதற்குள் அவருக்கு நெஞ்சில் சுரங்கத் தூசி இறங்கிவிட்டது. சுரங்கத்துக்குள் இறக்காமல் மேலே வாசலில் வேலை கொடுத்தார்கள். இரும்புக் கதவைத் திறந்து மூடுவதற்குள் இளைக்கும். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நடுரோட்டில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"எனக்குன்னு வந்தா யாருடா குழிக்கிட்ட நின்னு திட்டுவான்?"

"இப்ப என்ன மாமா அந்தப் பேச்சு?"

"சொல்லு. டை கட்டிட்டு வந்து கடவுள் ஆறுதல் குடுப்பார்னுவான். நீங்களும் தலையாட்டுவீங்க. நான் யாருமில்லாதவன் மாதிரி போவேன். எனக்குச் சாவுக்குப் பயமில்ல. அதுக்குத்தான் பயம்."

ரோட்டில் உருக்காலைப் புகை இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் இருமினோம்.

அடுத்த மழைக்கு முன்னால் இறந்தது அவர் இல்லை. நேலியா இறந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஸக்கேயோ அழவில்லை, சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பெம்பாக்களான நாங்கள் போயாக வேண்டும். மாமா மண்வெட்டியை எடுத்தார். "உங்களால முடியாது, நீங்க வேணாம்" என்று மாமி தடுத்தாள். "முறை" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

விடிந்ததும் இடுகாட்டில் குழி வெட்டத் தொடங்கினோம். நாங்கள் வெட்டினோம், அவர் ஓரத்தில் உட்கார்ந்து, மூச்சு வரும்போதெல்லாம் இறங்கி இரண்டு வெட்டு வெட்டினார். சுரங்கத்து ஆள் அல்லவா, சுவர் நேராக இல்லையென்றால் பொறுக்காது. வெயில் ஏறியபின் லாரியில் பெட்டி வந்தது. எங்கள் பெண்கள் லாரியை மறித்துப் படுத்தார்கள். "இந்த எலிக்காரியை உள்ள விட மாட்டோம், எங்க செத்துப்போனவங்க சோளத்தையெல்லாம் கரண்டிடுவா" என்று கத்தினார்கள். ஆனால் அதில் உயிரில்லை. மாமா நிற்கிற இடத்தில் எந்தக் கேலியும் பாதியில் நின்றுவிடும், அது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

பெட்டியைக் குழி ஓரத்தில் வைத்தார்கள். போதகர் புத்தகத்தைத் திறந்தார். ஸக்கேயோவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். கண் காய்ந்திருந்தது.

அப்போது மாமா முன்னால் வந்தார். தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றினார். சுருட்டி உருண்டையாக்கினார். அதைத் தரையில் வைத்து, உள்ளங்கையால் தட்டிச் சரிசெய்தார். எழுந்து பின்னால் நடந்தார். என்ன செய்யப்போகிறார் என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் புரிந்துவிட்டது. ஒரு பெண் "வேண்டாம்" என்று முனகினாள்.

ஓடி வந்தார். ஓட்டம் என்ன ஓட்டம், இளைத்துக்கொண்டு வந்தார். இடது காலால் உதைத்தார். தொப்பி குழியைத் தாண்டி, பெட்டியைத் தாண்டி, போதகரின் தலைக்கு மேலே போய் முட்செடியில் மாட்டிக்கொண்டது.

மாமா இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். பிறகு பெட்டியைப் பார்த்துக் கத்தினார்:

"பாத்தியா நேலியா! கோல்கீப்பர்கூட இல்ல. இத்தனை பெரிய குழி, நானே வெட்டினது. இதுக்குள்ளகூட என்னால போட முடியல. நாட்டையே கவுத்த கால் இது. உன் புருஷன் என்னை ஒரு வார்த்தை கேட்டானா? அவனுக்கு ரோஷம் இருக்கா?"

மாமா ஸக்கேயோவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது.

"தோத்தது எல்லாருக்கும் பொதுன்னு சொன்னியாமே. சாவு யாருக்குடா தனி? அதுலயே சிரிக்கிறோமில்ல?"

ஸக்கேயோ தலையைத் தூக்கினான். தாங்கிப் பிடித்திருந்தவர்களின் கைகளை விலக்கினான். திட்டு வருமா, அடி விழுமா என்று தெரியாமல் நாங்கள் நின்றோம்.

"காலை ஏண்டா குத்தம் சொல்றே, குரங்கு தின்னி?" என்றான். "கால் சரியாத்தான் இருக்கு. உங்க ஜாதியே கறி எங்கன்னு மரத்து மேலயே பாத்துட்டு நடக்கிற ஜாதி. கண்ணு மேல போனா பந்தும் மேலதான் போகும்!"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. யாரோ ஒரு கிழவி. பிறகு இடுகாடே சிரித்தது. அங்கோனி, பெம்பா, பெட்டியைத் தூக்கி வந்தவர்கள், எல்லோரும். போதகர் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். மாமாவின் தோள் குலுங்கியது. ஸக்கேயோ சிரித்தான்; சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று மண்ணில் உட்கார்ந்து, "நேலியா, நேலியா" என்று அழத் தொடங்கினான். அவள் இறந்தபின் அதுதான் அவன் அழுத முதல் அழுகை. மாமா அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கே வந்துதுடா அது. ரேடியோக்கிட்ட நிக்கிறப்பவே வாய் வரைக்கும் வந்துது" என்றான் ஸக்கேயோ, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "முழுங்கிட்டேன்."

"தெரியும்டா எலி தின்னி. நீ எதைத்தான் முழுங்கல?"

நேலியாவை நல்லபடியாக அடக்கம் செய்தோம். எங்கள் பெண்கள் மண் போடும்போது பாடிய வசவுகளை இங்கே எழுத முடியாது.

அதன்பின் மாமா அதிக வருஷம் இருக்கவில்லை. அவருடைய சாவைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. ஸக்கேயோ இருந்தான், அது போதும். நேலியாவை அடக்கிவிட்டு நாங்கள் வீடு திரும்பியதைச் சொல்லி முடிக்கிறேன். ஃபெபி மாமி கை கழுவ வாசலில் வாளியோடு நின்றிருந்தாள். இவருடைய வெறுந்தலையைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு? ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"ஸக்கேயோ என்னைத் திட்டிட்டான்" என்றார் மாமா.

"என்னன்னு?"

அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னார். மாமி வாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. மாமா ஈரக் கையோடு அவளுக்கு எதிரில் நின்று, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.